வாயுப்பொடியும் வனத்துறையும்

நான் கவலைப்பட்ட எதுவும் இதுவரை எனக்கு நடந்ததில்லை. நடந்ததெல்லாம் நான் கவலைப்பட மறந்துபோனவை. இது புரிந்த நாளிலிருந்து, எதையாவது மறந்துவிட்டோமோ என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்படுகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதே அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் பெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் பரீட்சைக்கே போகாமல் நின்றவன் நான். (நீ பாஸாகியிருப்பாயே என்று கணக்கு வாத்தியார் பிற்பாடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். அந்த வயிற்றெரிச்சல் தனி.) இப்படிப்பட்டவனுக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த வேலை முட்டை வண்டி ஓட்டுவது. நாமக்கல் பண்ணைகளில் அட்டை அட்டையாக ஏற்றிக்கொண்டு, நான் குடியிருக்கும் அயோத்தியாப்பட்டணம் வழியாக, ஆத்தூர், கெங்கவல்லி வரை கடை கடையாக இறக்க வேண்டும். வேகத்தடையைப் பார்த்தால் மற்ற டிரைவர்கள் பிரேக் போடுவார்கள். நான் முதலில் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுப் பிறகு பிரேக் போடுவேன்.

கல்யாணம் ஆனது. மனைவி சுமதிக்கு வெண்ணந்தூர். அவளுடைய அப்பாவுக்கு அங்கே குச்சிக்கிழங்குக் காடு. (மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்கு அதுதான்.) முதல் வருஷம் எல்லோரும், "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். இரண்டாம் வருஷம் சிரிக்காமல் கேட்டார்கள். மூன்றாம் வருஷம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் மிகவும் பயமாக இருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்றாள் சுமதி. போனால் டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவாரே! அதனால் போகவில்லை.

இந்த நிலைமையில்தான் கெங்கவல்லி சந்தையில் அந்த ஆளைப் பார்த்தேன். பெரிய குடைக்குக் கீழே வேர், பட்டை, காய்ந்த காய் என்று பரப்பி வைத்திருந்தார். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, கூட்டத்தில் என்னை மட்டும் விரலைக் காட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணே, கொழந்தைக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். சாக்குக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மதனகாமப்பூ. ஈந்து மரத்துல ஆண் மரம் பூக்குற பூ. உள்காட்டுல மட்டுந்தான். மரமே அழிஞ்சுகிட்டு வருது, தொடக் கூடாதுன்னு தடை. பாரஸ்ட்காரன் பார்த்தா என்னையும் தூக்குவான், உங்களையும் தூக்குவான். அவ்வளவு ஒரிஜினல். பால்ல ஒரு ஸ்பூன் போட்டுக் குடிங்க."

நியாயமாக அந்த இடத்தில் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று ஆத்தூர் வரை போய்த் திரும்பி வந்தவன் நான். அன்றைக்கு மட்டும் அந்தக் கவலை இயந்திரம் ஓடவில்லை. தடை செய்திருக்கிறார்கள் என்றால் கட்டாயம் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று பெருமையாக வாங்கிக்கொண்டு வந்தேன். (வேலை செய்யாத சாமானை எந்த அரசாங்கமாவது மெனக்கெட்டுத் தடை செய்யுமா? இதுதான் அன்றைய என் படிப்பறிவு.)

வீட்டில் டப்பாவைப் பார்த்ததும் சுமதி கேட்டாள்.

"ஏனுங்க, என்னங்க இது?"

"வாயுவுக்கு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதும், மனிதனைக் கவிழ்க்க. ஏனென்றால் அப்போது என் மாமியார் பாவாயி அத்தை முழங்கால் வைத்தியத்துக்காக எங்கள் வீட்டில்தான் இருந்தார். வாரக் கடைசியில் வெண்ணந்தூர் போவார், திங்கட்கிழமை திரும்பி வருவார். முழங்காலைவிட அவரைப் பாடாய்ப் படுத்தியது வாயு.

"மாப்ள, வாயுவுக்குங்களா? எனக்குங்கூட நெஞ்சுல வந்து நிக்குதுங்க. ஒரு ஸ்பூன் போட்டுக்கட்டுங்களா?"

"அத்தை, அது வந்து... ஆம்பளைங்க வாயுவுக்குங்க."

"வாயுல என்னங்க மாப்ள ஆம்பளை, பொம்பளை?"

அத்தை ஒரு ஸ்பூன் போட்டுப் பாலைக் குடித்தார். சற்று நேரத்தில் ஓர் ஏப்பம் விட்டார் பாருங்கள், எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"அமிர்தமாட்ட இருக்குதுங்க மாப்ள!"

அன்றிலிருந்து காலையில் நானும் மாமியாரும் ஆளுக்கொரு டம்ளருடன் எதிரெதிரே உட்கார்ந்து மதனகாமப்பூ குடித்தோம். உலகத்தில் வேறு எந்த மருமகனுக்கும் இந்த நிலைமை வந்திருக்காது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பேன். "ஏப்பம் வருதுங்களா மாப்ள?" என்பார் அத்தை. மூடிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை அத்தை செய்தித்தாளில் பொடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"இது யாருக்குங்க அத்தை?"

"உங்க மாமாவுக்குத்தானுங்க. அவருக்கும் வாயு."

பொட்டலத்துக்கு நானே ரப்பர் பேண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு அப்புறம் மாமா திடீர் திடீரென்று பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். "சும்மா, உங்கத்தை முழங்கால் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க மாப்ள" என்று மல்லிகைப்பூவும் கையுமாக வாசலில் நிற்பார். நல்ல மனிதர், மனைவி மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். வேறெதுவும் நினைக்கத் தோன்றவில்லை.

எனக்கும் உடம்பு தெம்பாகத்தான் இருந்தது. அதைச் சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுச் சொன்னேன். "பொடி நல்லாத்தான் வேலை செய்யுது. முட்டை அட்டை கையில எடை தெரியவே மாட்டேங்குது" என்றேன். அத்தை ஏனோ சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

முட்டை வண்டிக்காரர்கள் நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலை வணக்கம், முட்டை விலை, விபத்து வீடியோ, இவை மூன்றும்தான் வரும். ஒருநாள் அதில் யாரோ பேசிய ஒரு குரல் பதிவு வந்தது. வாழப்பாடிக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிக் கேட்டேன். "பாதுகாக்கப்பட்ட காட்டுச் செடிகளை அரைத்துப் பொடியாக்கி விற்றாலும் இனித் தப்ப முடியாது நண்பர்களே! மரபணுப் பரிசோதனை வந்துவிட்டது. ஒரு துளித் தூள் போதும், எந்தச் செடி என்று புட்டுப்புட்டு வைத்துவிடும். விற்றவனுக்கும் சிறை, வாங்கியவனுக்கும் சிறை!"

ஒரு துளி போதுமாம். நான் எத்தனை துளி தின்றிருக்கிறேன்! அத்தை எத்தனை தின்றிருக்கிறார்! வெண்ணந்தூரில் மாமா வேறு. ஆதாரம் டப்பாவில் மட்டுமா இருக்கிறது, எங்கள் மூன்று பேர் வயிற்றிலும் அல்லவா இருக்கிறது? மோப்ப நாய் ஒன்று நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து, மாமியார் முன்னால் உட்கார்ந்து குரைக்கிற காட்சி அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். யோசிக்காமலா இருப்பேன்? குப்பையில் போட்டால் குப்பை வண்டிக்காரர் எடுப்பார். ஏரியில் கொட்டினால் மீன் தின்னும். மீனை யாராவது பிடிப்பார்கள், குழம்பு வைப்பார்கள், அந்தக் குடும்பமும் உள்ளே போகும். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றது. ஆகவே, யாருமே என்னைத் தேடாத ஒரு நாளில், யாருமே கேட்காத ஒரு குற்றத்துக்காக, நானாகவே போய்ச் சரணடைவது என்று முடிவு செய்தேன்.

பாரஸ்ட் ஆபீஸில் ரேஞ்சர் ஒரு இளம் பெண். வெளியே நின்ற என் வண்டியைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே, "முட்டை வேண்டாங்க" என்றார்.

டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

"மேடம், நான் சரண்டராக வந்திருக்கேன்."

"முதல்ல கையைக் கீழ போடுங்க. என்ன பண்ணீங்க?"

"மதனகாமப்பூ வாங்கிட்டேன் மேடம்."

ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்த பாரஸ்ட் கார்டுக்குப் புரையேறியது. சந்தையைச் சொன்னேன், குடையைச் சொன்னேன். ரேஞ்சர் எழுதிக்கொண்டே வந்தார்.

"எதுக்கு வாங்கினீங்க?"

ஒரு பெண் அதிகாரியிடம் அதை எப்படிச் சொல்வது?

"வாயுவுக்கு."

ரேஞ்சர் கார்டைப் பார்த்தார். கார்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"வாயுவுக்கு" என்று நிதானமாக எழுதிக்கொண்டார்.

பிறகு விளக்கினார். ஈந்தில் பல வகையாம். நர்சரியில் வளர்த்து விற்பதும் உண்டு, காட்டில் கையே வைக்கக் கூடாததும் உண்டு. முழுதாக இருந்தால் பார்த்துச் சொல்லிவிடலாம், பொடியாகிவிட்டால் எல்லாம் ஒரே நிறம். "அதனால மரபணுச் சோதனைக்கு அனுப்பணும். ஒரு ஆளு மீசையை எடுத்துட்டு, பேரை மாத்திக்கிட்டு வெளியூர்ல போய் உட்கார்ந்துக்கலாம். ஆனா குலதெய்வம் எதுன்னு கேட்டா யாருன்னு தெரிஞ்சுடுமில்ல? அது மாதிரிதான். எவ்வளவு இடிச்சாலும், வறுத்தாலும் செடிக்குள்ள இருக்கிற அந்த அடையாளம் மாறாது."

டப்பாவை அப்படியே மூடியோடு ஒரு பையில் போட்டு, அரக்கு வைத்து, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"வேற யாராவது இதைச் சாப்பிட்டாங்களா?"

"மாமியார்."

கார்டு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமியார் எதுக்குங்க சாப்பிட்டாங்க?"

"அவங்களுக்கும் வாயுதான் மேடம்."

(மாமாவை மட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. ஜாமீன் எடுக்கக் குடும்பத்தில் ஒருவராவது வெளியே இருக்க வேண்டும் இல்லையா?)

ரேஞ்சரின் முகம் மாறியது. "ஈந்துல நஞ்சு உண்டுங்க. பக்குவம் தெரியாம சாப்பிட்டா ஈரலே கெட்டுப்போகும். அவங்களுக்கு உடனே ஒரு டெஸ்ட் எடுங்க. நீங்களும் எடுங்க."

ஜெயிலுக்குப் போகத் தயாராக வந்தவன், மாமியாரைக் கொன்ற குற்றவாளியாக வெளியே வந்தேன். மறுநாளே, முழங்கால் வைத்தியத்துக்கு ரத்தம் பார்க்கச் சொன்னார்கள் என்று புளுகி அத்தையை அழைத்துப் போனேன். இருவருக்கும் ஈரல் நன்றாக இருந்தது. அத்தைக்கு என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

ஆனால் வீட்டில் டப்பா எங்கே என்ற கேள்வி வந்துவிட்டதே.

"என்ற பொடி டப்பாவைக் காணோமுங்களே மாப்ள?"

"கலப்படமான்னு டெஸ்ட் பண்ணக் கவர்மெண்டுல எடுத்துட்டுப் போயிட்டாங்க அத்தை."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. மருந்து போன துக்கம் என்று நினைத்தேன்.

"அந்த டெஸ்ட்டுல எல்லாமே தெரிஞ்சிருமுங்களா?"

"எல்லாமே தெரிஞ்சிருமுங்க. ஒரு துளி போதுமாம்."

அத்தை நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். அன்றிலிருந்து ரிசல்ட் வரும் வரை, காலையில் நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் அத்தை வந்து நிற்பார். ஒரே பரீட்சை முடிவுக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் விபூதி பூசிக்கொண்டோம். நடுவில் நான் சுமதிக்கு கேஸ் சிலிண்டர் புத்தகம் இருக்கும் இடம், வண்டி இன்சூரன்ஸ் முடியும் தேதி எல்லாம் காட்டிக் கொடுத்தேன். எனக்கு ஏதோ தீராத வியாதி என்று அவள் முடிவு கட்டிக்கொண்டு, நான் பார்க்காத நேரத்தில் அழுதிருக்கிறாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒருநாள் போன் வந்தது. ரிசல்ட் வந்துவிட்டதாம். பொடியைச் சாப்பிட்ட மாமியாரையும் அழைத்து வரச் சொன்னார்கள். "என்னன்னு நானும் பாக்கோணுமுங்க" என்று சுமதியும் ஏறிக்கொண்டாள். முட்டை வண்டியின் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம்.

ரேஞ்சர் ஆய்வறிக்கையைப் பிரித்தார்.

"டப்பாவுல இருந்த தூள் மரவள்ளி. கூடக் கொஞ்சம் சுக்கு. ஈந்து துளிகூட இல்லை."

எனக்கு ஒரு நிமிஷம் காது கேட்கவில்லை. பிறகு சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

"நம்ம குச்சிக்கிழங்கா மேடம்?"

"அதேதான்."

கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜெயில் இல்லை! ஆனால் பாருங்கள், பயம் போன இடத்தில் உடனே கோபம் வந்து உட்கார்ந்தது. கிழங்கு மாவையா பூ என்று விற்றான்? எங்கள் மாமனார் காட்டில் மலைபோலக் கிடக்கிற கிழங்கையா?

"அந்த ஆளைச் சும்மா விடாதீங்க மேடம்! ஏழைகளை ஏமாத்துறவன். நான் சாட்சி சொல்றேன்!" என்று மேஜையைத் தட்டினேன். (வாழ்நாளில் நான் தட்டிய முதல் மேஜை அதுதான், கடைசியும் அதுதான்.)

"உட்காருங்க. இன்னும் முடிக்கலை" என்றார் ரேஞ்சர். "டப்பா மூடியோட மடிப்புல கொஞ்சம் தூசு ஒட்டியிருந்திருக்கு. அதையும் தனியாச் சுரண்டிச் சோதிச்சிருக்காங்க. அது ஈந்து. காட்டுலேர்ந்து எடுக்கவே கூடாத வகை."

உட்கார்ந்தேன்.

"மூடியில ஈந்து இருக்கு, உள்ள கிழங்கு இருக்கு. அப்ப டப்பாவுல மொதல்ல இருந்த சரக்கு எங்க போச்சு? அதை எடுத்து யாருக்கு வித்தீங்க?"

"மேடம்... நான்..."

"யோக்கியன் மாதிரி வந்து சரண்டர் ஆகிறேன்னீங்க. நானும் நம்பினேன். கிழங்கு மாவைக் கொட்டி எங்க தலையில கட்டலாம்னு பார்த்தீங்களா? ஆதாரத்தை மாத்துறது தனிக் குற்றம், தெரியுமா?"

எத்தனையோ ராத்திரி எத்தனையோ விதமாக மாட்டிக்கொள்வதாக யோசித்திருக்கிறேன். இந்த விதம் மட்டும் என் யோசனையிலேயே வரவில்லை. சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, என்னங்க சொல்றாங்க? நீங்க எதை வித்தீங்க?"

அப்போது பாவாயி அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏஞ்சாமி, அவரை ஒண்ணுஞ் சொல்லாதீங்க. மாப்ளைக்குப் பொய் சொல்லவே தெரியாதுங்க. நாந்தானுங்க மாத்துனேன்."

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினோம்.

"நல்லா இருக்குதேன்னு காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு, சோறு தின்னா ஒண்ணுன்னு போட்டுட்டனுங்க. ஊட்டுக்காரருக்கும் பொட்டலம் பொட்டலமாக் குடுத்துட்டேன். ஒருநாள் பாத்தா டப்பா காலி. மாப்ள கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்துக்கிட்டு, எங்கூட்டுக் குச்சிக்கெழங்கு மாவுல சுக்கைத் தட்டிப் போட்டு ரொப்பி வெச்சனுங்க. அவருக்கு ஒரு வித்தியாசமுந் தெரியலீங்க. 'தெம்பா இருக்குது, முட்டை எடையே தெரியலை'ன்னு சொன்னாருங்க."

கார்டு இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"அப்ப அந்த ஒரிஜினல் பூரா?" என்றார் ரேஞ்சர்.

"தின்னுட்டனுங்க."

ரேஞ்சர் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய உத்தியோகத்தில் எத்தனையோ கடத்தலைப் பார்த்திருப்பார். ஆதாரத்தை ஒரு மாமியார் பாலில் கலக்கிக் குடித்துத் தீர்த்ததை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க கண்ணு, ஒரு வாயுப்பொடியத் தின்னதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமுங்களா?"

"அம்மா, அது வாயுவுக்கு இல்லைங்கம்மா" என்றார் கார்டு.

"பின்ன எதுக்குங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கார்டு ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் திடீரென்று அறிக்கையில் ஏதோ முக்கியமானதைத் தேட ஆரம்பித்துவிட்டார். கார்டு பாவம், தமிழில் இருக்கிற மரியாதையான வார்த்தைகளையெல்லாம் பொறுக்கி எடுத்து, அத்தையின் காதருகே குனிந்து, ஆண்கள், குழந்தைப் பாக்கியம், புருஷன் பெண்டாட்டி, உற்சாகம் என்று துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார்.

சுமதி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அந்த அறையின் தரை எந்த வகைக் கல் என்று ஆராய்ந்தேன்.

அத்தை அசையாமல் நின்றார். யோசித்தார். கண் விரிந்தது. இன்னும் விரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய முந்தானைக்குள்ளிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"அதானுங்களா!"

போன் எதுவும் அடிக்காமலேயே ரேஞ்சர் போன் பேச அடுத்த அறைக்கு ஓடினார். அங்கிருந்து வெகு நேரம் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. எனக்கோ, மல்லிகைப்பூவும் கையுமாக வாசலில் நின்ற மாமா அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தார்.

என்னை விட்டுவிட்டார்கள். தானாக வந்து சொன்னதாலும், விற்ற ஆளை அடையாளம் காட்ட ஒப்புக்கொண்டதாலும் எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மாமாவுக்கும் ஈரல் பார்க்கச் சொன்னார் ரேஞ்சர், முகத்தை மிகவும் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டு. (பார்த்தோம். கல்லுக்குண்டு மாதிரி நன்றாகவே இருந்தது.)

திரும்பும்போது வண்டியில் நடுவில் உட்கார்ந்திருந்த சுமதிதான் ஆரம்பித்தாள்.

"வாயுங்களா?"

நான் கியர் மாற்றினேன். மாற்ற வேண்டிய இடமே இல்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா? பயம் உங்களுக்கு மட்டுந்தான் சொந்தமுங்களா? நீங்க கேஸ் புத்தகத்தைக் காட்டுறப்பல்லாம் நான் உங்களுக்குப் புத்துநோய்னு நெனச்சு உசுரை வுட்டுக்கிட்டு இருந்தனுங்க."

என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அத்தை மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த சந்தையன்று கெங்கவல்லிக்குப் போய் ஆளைக் காட்டிக் கொடுத்தேன். சாதாரண உடையில் நின்ற கார்டையும் ரேஞ்சரையும் தெரியாமல், அந்த ஆள் என்னைப் பார்த்ததும் சந்தைக்கே கேட்கிற மாதிரி, "வாங்கண்ணே! பலன் தெரிஞ்சுதா?" என்றார். சுற்றிலும் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என் பதிலுக்காக நின்றார்கள். அவருடைய சாக்கைப் பிரித்தபோது அதில் பெரிய பெரிய கதிராக ஈந்துப் பூ கிடந்தது. இன்னும் பொடியாகாதவை. ரேஞ்சர் அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆண் மரத்துப் பூவையெல்லாம் இப்படி வெட்டிட்டா, அங்க பெண் மரம் எப்படிங்க காய்க்கும்? அதுக்கும் வாரிசு வேணுமில்ல?"

அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டதல்ல. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை இல்லையே என்று ஏங்கி அலைந்தவன், அதே குறையை ஒரு மரத்துக்குப் பண்ணி வைத்திருக்கிறேன். இத்தனை கவலைப்பட்டேனே, இந்தக் கவலை என் பட்டியலிலேயே இல்லை.

பிறகு சுமதியும் நானும் டாக்டரிடம் போனோம். எல்லாம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. கவலைப்படாம இருங்க, அது போதும்" என்றார். என் வாழ்க்கையிலேயே எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மிகக் கடினமான மருந்து அதுதான். பாதி வேளைதான் சாப்பிட்டிருப்பேன். அப்படியும் பெண் குழந்தை பிறந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இன்றுவரை அவள் 'குச்சிக்கிழங்குப் பாப்பா'தான்.

"அதானுங்களா!" எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. மின்சாரம் போய் வந்தால், தொலைந்த சாவி கிடைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டால்கூட யாராவது ஒருவர் முந்தானையோ துண்டோ எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அதைச் சொல்வார்கள். அன்றைக்கு அத்தை எதை நினைத்து அதைச் சொன்னார் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் வெண்ணந்தூரிலேயே யாருக்கும் இல்லை.

போன மாதம் எல்லோரும் வெண்ணந்தூரில் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜவ்வரிசிப் பாயசம். மகள் பள்ளிக்கூடத்துக்கு சார்ட் ஒட்ட வேண்டும் என்று கேட்டாள்.

"அப்பா, அழிஞ்சு போயிட்டிருக்கிற செடி ஒண்ணு பேரு சொல்லுங்கப்பா. அது எதுக்குப் பயன்படும்னும் எழுதணும்."

பாயசம் உறிஞ்சும் சத்தம் அப்படியே நின்றது. மாமா தட்டோடு எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதாகப் போய்விட்டார். (மாட்டை விற்று நாளாகிறது.) எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஈந்துன்னு எழுதிக்கோ சாமி" என்றேன். "பயன்... மருந்துக்கு."

"என்ன மருந்துப்பா?"

எனக்குப் பழையபடி வேர்த்தது. வாய் தானாகத் திறந்தது.

"வாயுவுக்கு."

பாவாயி அத்தை பாயசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தியின் தலையைத் தடவினார்.

"உங்கொப்பா எப்பவும் பாதியத்தான் சொல்லுவாரு கண்ணு. மீதிக்கு டப்பா மூடியத் தொறந்து பாக்கோணும்."